கத்தரி வெட்டிய நான்கு வரிகள்

குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் அவரை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் 'கத்தரி சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரி. அது அவருக்கும் தெரியும், உள்ளூரச் சந்தோஷம்தான். கடிதமோ, அறிக்கையோ, கழிப்பறைக் கதவில் ஒட்டுகிற காகிதமோ, எதுவானாலும் அவர் மேசை வழியாகத்தான் வெளியே போகும். போகும்போது பாதியாக இளைத்திருக்கும்.

என் மேசை அவருக்கு இடப்பக்கம். அவர் தமிழில் முடித்துத் தரும் பக்கத்தைத் தலைமை அலுவலகத்தின் மொழிக்கு மாற்றுவது என் வேலை. இரண்டு மொழிகளையும் பள்ளியில் அடி வாங்கிப் படித்து, பிழைப்புக்காக இங்கே வந்தவன் நான். ஒரு சொல் தவறினால் வேலை போய்விடுமோ என்று ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். அவருக்கு அந்தப் பயமே கிடையாது. பக்கத்தை அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அவருடைய கருவிகள் மூன்று. மரப் பென்சில், அடிக்கோல், நடுவில் நீளமாக வெட்டப்பட்ட ஒரு கெட்டி அட்டை. அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும். "ஒரு வரியைத் தனியா நிக்க வெச்சுப் பாருங்க. கால் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்பார். பிறகு ஜன்னலோரம் எழுந்து நின்று, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பைக்கூட நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல உரக்க வாசிப்பார். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுவார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் வந்தது. "இரண்டாம் அறையின் கதவானது உரிய முறையில் மூடப்படாத நிலை காணப்படுவதால் இவ்விடயம் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது." அதை என்னிடம் நீட்டினார்.

"இதுல யாராவது இருக்காங்களா தம்பி? கதவை மூடாதவன் இல்ல, பார்த்தவன் இல்ல, சரி பண்ண வேண்டியவனும் இல்ல. பேய் வீடு மாதிரி இருக்கு."

பென்சில் நான்கு தடவை அசைந்தது. மிஞ்சியது இதுதான்: "இரண்டாம் அறைக் கதவு மூடவில்லை. தச்சரை அனுப்புங்கள்." தச்சர் அன்றைக்கே வந்தார். அதற்கு முன் அந்தக் கதவைப் பற்றி ஏழு கடிதங்கள் போயிருந்தனவாம்.

வெட்டுவது மட்டுமே அவர் வேலை என்று நினைத்தால் தவறு. சொற்கள்மேல் அவருக்கு ஒரு தின்பண்ட ஆசை இருந்தது. இயந்திர அறை ஆட்கள் எல்லா மணத்தையும் 'துர்நாற்றம்' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நேரே அங்கேயே போய் நின்றார். "மீன் பெட்டிக்கு வீச்சம். வயர் கருகினா காந்தல். குளிரூட்டுற குழாயில ஓடுற அமோனியா கண்ணுல குத்துதே, அது நெடி. அதுவே தொண்டையைப் பிடிச்சா கமறல். இவ்வளவு நல்ல சொல்லையெல்லாம் வெச்சுக்கிட்டு எதுக்கய்யா துர்நாற்றம்?" கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதிகம் பிடித்தது மூக்கண்ணனுக்கு. இரவு முறையின் மூத்த ஆள் அவர். கருவி காட்டுவதற்கு முன்பே வாயுக் கசிவை மோந்து சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு இயந்திர அறை நோட்டில் 'நெடி' என்ற சொல் அவர் கையெழுத்தில்தான் முதலில் வந்தது.

கத்தரியின் வீட்டுக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். அவருடைய மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னார்: "வீட்டுலயும் இப்படித்தான் தம்பி. 'சாப்பிட வாங்க, ஆறிப்போகுது'ன்னா, 'ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்'பார்."

"அப்புறம் என்ன பண்ணீங்கக்கா?"

"ரெண்டையும் நிறுத்திட்டேன். பசிச்சா தானா வந்துடறார்."

மாடியில் குடியிருந்த அவர் தம்பி, அதாவது கத்தரியின் மச்சான், விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கிடங்கின் இயந்திர அறையில் பகல் முறை மெக்கானிக். இரண்டு சின்னப் பெண்கள் அவன் முழங்காலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அத்தான், என் கல்யாணப் பத்திரிகையையே மூணு வரிக்குக் கொண்டுவந்தவர்தானே நீங்க" என்றான். "மூணாவது வரி அவசியமே இல்ல மச்சான், உன் மூஞ்சிக்காக விட்டேன்" என்றார் கத்தரி.

இனிச் சொல்லப்போவதற்கு அந்த நோட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இயந்திர அறையில் இரவு முழுவதும் பார்த்ததைக் கையால் ஒரு நோட்டில் எழுதுவார்கள். காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கத்தரிக்கு அனுப்புவார்கள். அவர் அதை மற்றப் பிரிவுகளின் குறிப்புகளோடு சேர்த்து ஒரே பக்கமாகச் சுருக்குவார், நான் மொழி மாற்றுவேன். எட்டு மணிக்கு மேலாளர் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அன்றைக்கு யார் எந்த அறையில் என்ன வேலை செய்யலாம் என்று அனுமதிச் சீட்டுகளில் கையெழுத்துப் போடுவார். நோட்டை அவர் பார்ப்பதில்லை. அவருக்கு நேரமில்லை என்பதால்தானே அந்தப் பக்கமே.

திங்கட்கிழமை நோட்டில் "மூன்றாம் வால்வு பக்கம் நெடி" என்று மூக்கண்ணன் எழுதியிருந்தார். கீழேயே மறுபடியும் "மூன்றாம் வால்வு பக்கம் நெடி." கத்தரி ஒன்றை அடித்தார். மேலே போன பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. மேலாளர் அம்மா அதைப் படித்து, வால்வின் கழுத்தை இறுக்க வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் ஒதுக்கினார். சின்னப் பழுதுக்குச் சின்ன வேலை.

செவ்வாய்க்கிழமை அந்த வரி மூன்று முறை வந்தது. கத்தரியின் திரையில் தற்செயலாகப் பார்த்தேன்.

"மூணு தடவை எழுதியிருக்காரே சார்?"

"விடியக்காலைத் தூக்கம். கை தானா ஓடியிருக்கும்" என்று இரண்டை அடித்தார்.

அன்று முழுக்க என் மேசையில் தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே இயந்திரங்கள் ஓடுகிற இடத்தில் டம்ளர் நடுங்குவது புதிதல்ல. இருந்தாலும் அதை நகர்த்தி வைத்தேன்.

புதன்கிழமை நான்கு. அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் கத்தரியின் வழக்கமான வகுப்பு. வாரம் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் வந்து எழுதப் பழகலாம். அவருடைய யோசனைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். யார் செய்தார் என்று சொல்லுங்கள். பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல. எழுதியதை உரக்க வாசியுங்கள். நான்காவதுதான் கொட்டை எழுத்தில் இருந்தது: ஒருமுறை சொன்னால் போதும்.

இரவு வேலை முடித்துத் தூங்கப் போகாமல் மூக்கண்ணன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண் ஓரங்கள் சிவந்திருந்தன. கடைசியில் கையைத் தூக்கினார்.

"சார், ஒருத்தர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினா என்ன அர்த்தம்?"

"படிக்கிறவன் செவிடுன்னு அவர் நினைக்கிறார்னு அர்த்தம்" என்றார் கத்தரி.

கூடம் சிரித்தது. மூக்கண்ணன் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த நான்காவது வரியை நிதானமாகப் படித்தார். "அப்படியும் இருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் படம் வந்தது. ஐந்து வரிகள். ஐந்தும் ஒன்றே. எழுத்து நடுங்கவில்லை, சாயவில்லை, அச்சுக்கோத்த மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. தூக்கத்தில் ஓடிய கை அப்படி எழுதாது.

"அஞ்சு சார்" என்றேன்.

"நேத்து என்னைக் கேள்வி கேட்டார் இல்ல? இன்னிக்குச் சீண்டறார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் குசும்பு." அட்டையை வைத்து முதல் வரியை மட்டும் பார்த்தார். "இது தனியாவே நல்லா நிக்குது பாருங்க. எழுவாயும் வேண்டாம், வினையும் வேண்டாம். நெடின்னு முடிச்சார் பார்த்தீங்களா, அங்கதான் அழகு." மீதி நான்கு வரிகளையும் அடித்தார். எஞ்சிய ஒன்றை நான் அந்த மொழியில் எழுதினேன். அங்கேயும் அது அழகாகத்தான் இருந்தது.

எட்டேகாலுக்கு மச்சான் தன் அனுமதிச் சீட்டை வாங்க மாடி ஏறி வந்தான். ஒன்பது மணிக்கு மூன்றாம் வால்வைத் தொடப் போகிறவன் அவன்தான். கூட ஒப்பந்தக்காரர் அனுப்புகிற ஃபிட்டர் ஒருவர். சீட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் கத்தரியின் மேசைமேல் கிடந்த பக்கத்தை எடுத்துப் பார்த்தான்.

"அத்தான், இதுல ஒண்ணுதானே இருக்கு. மிச்சம் எங்க?"

"எது மிச்சம்?"

"நான் இன்னிக்கு இன்னும் நோட்டைப் பார்க்கல. மூக்கண்ணன் எத்தனை தடவை எழுதியிருந்தார்?"

"அஞ்சு. உங்காளுக்கு ரொம்பத்தான் நக்கல்."

மச்சான் பக்கத்தைக் கீழே வைத்தான். முகத்தில் எப்போதும் இருக்கும் கிண்டல் போய்விட்டது.

"அஞ்சா? அத்தான், நல்லா எண்ணினீங்களா?"

"ஏன்டா, என்ன விஷயம்?"

"நாங்க நோட்டுல 'கசிவு'ன்னு எழுதக் கூடாது. எழுதினா அறையை மூடணும், விசாரணை வரும், மூணு ஷிஃப்ட் ஆளுங்களும் விளக்கம் எழுதித் தரணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் எழுதினான். வந்து பார்த்தப்போ ஒண்ணும் இல்ல. அவனைத் தூக்கி லாரியில சரக்கு ஏத்துற இடத்துல போட்டுட்டாங்க. அதுலேர்ந்து யாரும் அந்த வார்த்தையை எழுதறதில்ல. அதே வரியைத் திரும்ப எழுதுவோம். ஒரு தடவைன்னா நெடி இருக்கு. ரெண்டுன்னா வந்து பாருங்க. மூணுன்னா முகமூடி இல்லாம போகாதீங்க. நாலுன்னா யாரையும் அனுப்பாதீங்க."

"அஞ்சுன்னா?"

"அஞ்சு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

கத்தரியின் வாய் மெல்ல அசைந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணுகிறார் என்று புரிந்தது. "இதை முன்னாடி இருந்த குமாஸ்தா அப்படியே மேல அனுப்புவாரா?" என்று கேட்டார்.

"அவர் எதையும் படிக்கவே மாட்டார். அப்படியே பார்த்து எழுதி அனுப்புவார். பழைய மேலாளருக்கு எண்ணத் தெரியும்."

ஒரு வருடத்துக்கு முன்புதான் பழைய மேலாளர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த வருடம் முழுக்க எத்தனை இரட்டை வரிகளைக் கத்தரி வெட்டினார் என்று அப்போது நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவற்றில் பாதியை நான்தான் மொழி மாற்றியிருந்தேன்.

மூன்று பேரும் மேலாளர் அம்மாவின் அறைக்குள் போனோம். அவர் கடுமையானவர் அல்ல, கத்தரிமேல் மரியாதை உள்ளவர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சுவரில் இருந்த திரையில் இயந்திர அறைக் கருவியின் எண்ணைக் காட்டினார். பூஜ்யம்.

"கருவி ஒண்ணும் காட்டலையே சார்."

"மேடம், அது மின்விசிறிக்கு எதிர்ப் பக்கம் இருக்கு" என்றான் மச்சான். "விசிறி காத்தை வெளிய இழுத்துடுது, கருவிகிட்டப் போறதே இல்ல. வால்வு கழுத்தைச் சுத்திப் பனி பாறை மாதிரி இருக்கு. உள்ள துருப் பிடிச்சிருந்தா ஸ்பானர் வெச்ச உடனே ஒடிஞ்சுடும். மூக்கண்ணன் அதைத்தான் சொல்றார்."

"அவர் அப்படிச் சொல்லலையே. நெடின்னுதானே எழுதியிருக்கார்?" மேலாளர் அம்மா கத்தரியைப் பார்த்தார். "பார்த்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்கன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

கத்தரி திரையில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார்.

"நான் நிறுத்த மாட்டேன்னு சொல்லலை. கையெழுத்தான வேலையை நிறுத்தணும்னா எழுத்துல வேணும், ரெண்டு மொழியிலயும். காரணம், சொல்றவர் பேர், கையெழுத்து. இது விதி. ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா அந்தப் பேர்தான் பதில் சொல்லணும்."

மணி எட்டு முப்பத்தைந்து. கத்தரி அங்கேயே நின்றபடி எழுத ஆரம்பித்தார். முதல் வாக்கியம் நீளமாக ஓடியது. 'இயந்திர அறை நோட்டில் மீண்டும் மீண்டும் காணப்படும் குறிப்புகளைக் கருத்தில் கொண்டு' என்று போய்க்கொண்டே இருந்தது. நின்று, அதைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களிடம் எதை வெட்டினாரோ, அது பயந்தபோது அவர் கையிலிருந்தே வந்திருந்தது. அடித்துவிட்டுக் கீழே எழுதினார்:

"மூன்றாம் வால்வு கசிகிறது. அதைத் தொட்டால் உடையும். இன்று அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. இதைச் சொல்வது நான்."

பெயர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் நீட்டினார். நான்கு சிறிய வாக்கியங்கள். எனக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. 'உடையும்' என்பதற்கு அந்த மொழியில், உடையலாம் என்று சொல்கிற ஒரு சொல்லும் உண்டு, உடைந்தே தீரும் என்று சொல்கிற ஒரு சொல்லும் உண்டு. எதைப் போட்டால் யார் தலை உருளும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆறு நிமிடங்களைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"தம்பி, சீக்கிரம்" என்றார் கத்தரி. உடைந்தே தீரும் என்கிற சொல்லைப் போட்டேன்.

மேலாளர் அம்மா படித்த உடனே போனை எடுத்தார். இயந்திர அறையில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? "ஒன்பது மணிக்குத்தானே வேலை, இன்னும் நேரம் இருக்கு" என்றார் அவர். மச்சான் அதற்குள் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

ஒப்பந்தக்காரரின் ஃபிட்டருக்குப் பத்து மணிக்கு வேறிடத்தில் வேலை இருந்திருக்கிறது. அதனால் சீக்கிரமே வந்துவிட்டார். அவருடைய சீட்டின் நகலும் அதோடு இணைத்த எங்கள் பக்கமும் வாசலிலேயே அவர் கைக்குப் போய்விட்டன. முறை முடிந்தும் மூக்கண்ணன் வீட்டுக்குப் போகாமல் இயந்திர அறைக் கதவருகே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகாதே என்று தடுத்தாராம். ஃபிட்டர் பக்கத்தைக் காட்டி, "எங்கண்ணே போகாதேன்னு எழுதியிருக்கு? நெடின்னுதான் இருக்கு" என்று கேட்டிருக்கிறார். சுமை ஏற்றுகிறவர்கள் பிற்பாடு சொன்னது இது.

நாங்கள் படியில் பாதி இறங்கும்போது சைரன் அலறியது.

முற்றத்துக்கு வந்தபோது இயந்திர அறைக் கதவிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையோடு வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலும் கண் எரிந்தது. எல்லோரும் காற்றுக்கு எதிர்த் திசையில் ஓடினார்கள். "மச்சான்!" என்று கத்தரி கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மறுபடி கத்தினார், மறுபடியும். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

மச்சான் சுவரோரமாக வந்தான். ஃபிட்டரை அக்குளில் தாங்கி இழுத்து வந்துகொண்டிருந்தான். ஃபிட்டர் இருமினார், வாந்தி எடுத்தார், ஆனால் அவர் கால்கள் நடந்தன. "நான் உள்ள போகல அத்தான்" என்றான் மச்சான் மூச்சிரைக்க. "கதவுகிட்டப் போறதுக்குள்ள மூக்கண்ணன் உள்ள பூந்து இவரை வெளிய தள்ளிட்டார்."

"அவர் எங்க?"

தீயணைப்பு ஆட்கள் முகமூடியோடு உள்ளே போய் மூக்கண்ணனைத் தூக்கி வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. உயிர் இருந்தது. அவர் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. பிராணவாயு முகமூடி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கத்தரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகருங்கள் என்று சொன்னதும் நகரவில்லை.

"நான்தான், கத்தரி" என்றார்.

மூக்கண்ணன் முகமூடியை ஒரு கையால் தூக்கினார். வந்தது குரல் அல்ல, காகிதம் கிழிகிற சத்தம்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"எப்போ?"

எப்போதும் அளந்து, தெளிவாகப் பதில் சொல்லுகிறவர். அப்போதும் அப்படித்தான் சொன்னார்.

"இன்னிக்கு. எட்டேகாலுக்கு."

"நான் திங்கக்கிழமை எழுதினேன்" என்றார் மூக்கண்ணன்.

செவிலியர் முகமூடியைத் திரும்பப் பொருத்தினார். கதவை மூடினார்கள். பிழைத்துக்கொள்வார் என்று ஓட்டுநர் சொன்னார். எதை வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்வரை கத்தரி கையை நீட்டியபடியே நின்றார், இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவர்போல.